இன்சுலின்: அளவைக் கூட்டும் முன்பு

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன: "ஊசி போட்டும் சர்க்கரை குறையவில்லை, இன்னும் எத்தனை யூனிட் கூட்டலாம்?" யூனிட்டைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு சில உண்டு என்பதால், அவற்றைத் தொடும் கடிதங்களையே இம்முறை தேர்ந்தெடுத்திருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை நீக்கியுள்ளேன். இங்கே நான் சொல்லும் எண்கள் பொதுவானவை. உங்கள் சீட்டில் எழுதியுள்ள அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டபின்பே மாற்ற வேண்டும்.

என் அப்பாவுக்கு வயது 68. அரசு மருத்துவமனையில் தரும் 30/70 கலவை இன்சுலினைக் காலையில் 24 யூனிட், இரவில் 16 யூனிட் போட்டுவந்தோம், நன்றாகவே இருந்தார். இரண்டு மாதமாக வெறும் வயிற்றில் 240-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. காலை அளவை 34 வரை கூட்டியும் பயனில்லை. சாப்பாட்டில் மாற்றம் ஏதுமில்லை. சிவப்பு மூடி சிரிஞ்சு இருப்பு இல்லையென்று மருந்துக் கடையில் ஆரஞ்சு மூடி போட்டதைக் கொடுத்தார்கள், அதைத்தான் பயன்படுத்துகிறோம். மருந்து கெட்டுப்போயிருக்குமா? — வாசகர், தென்காசி

மருந்தின் மீது எனக்குச் சந்தேகமில்லை. சிரிஞ்சின் மீதுதான் சந்தேகம். நம் நாட்டில் கண்ணாடிப் பாட்டிலில் வரும் மனித இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் செறிவுள்ளது. அதற்கென்றே அளவுக்கோடு போட்ட சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லிக்கு 100 யூனிட் செறிவுள்ள இன்சுலினுக்கானது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் கடைக்காரரும் வாங்குபவரும் ஒருசேர ஏமாந்துபோவது அடிக்கடி நடக்கிறது. 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 24-ஆம் கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 24 யூனிட் அல்ல; 9.6 யூனிட் மட்டுமே. நீங்கள் பயந்து பயந்து 34-க்கு உயர்த்திய பிறகும் உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது 13.6 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனிமேல்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு கிடைத்தவுடன், வழக்கமாகிவிட்டதே என்று 34 யூனிட்டை இழுத்துவிடாதீர்கள். சரியான சிரிஞ்சுக்குத் திரும்பும் அன்றே பழைய 24-க்கும் 16-க்கும் திரும்பிவிட வேண்டும். முதல் வாரம் தினமும் மூன்று வேளை பரிசோதித்து, அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது. 100 யூனிட் செறிவுள்ள இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் 50 யூனிட் உள்ளே போய்விடும். இன்சுலின் பேனா கெட்டுப்போனது என்று, அதனுள் 100 யூனிட் செறிவுள்ள மருந்து இருக்கும் கார்ட்ரிட்ஜ் குழாயிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சிப் போட்டு, விடியற்காலையில் நினைவில்லாமல் தூக்கிவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாட்டில் லேபிளில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் அச்சடித்த எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒன்பது ஆண்டுகளாகப் பேனா ஊசி போட்டுக்கொள்கிறேன். தொப்புளுக்கு வலப்பக்கம் ஓரிடத்தில் குத்தினால் வலியே தெரிவதில்லை என்பதால் எப்போதும் அங்கேதான் போடுகிறேன். ஒரு நாள் 300, மறுநாள் 65 என்று சர்க்கரை தலைகீழாக ஆடுகிறது. மருந்தை மாற்றச் சொல்லலாமா? — வாசகி, திண்டுக்கல்

வலி தெரியாத அந்த இடம்தான் காரணம், அம்மா. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் இறங்கும்போது அங்குள்ள கொழுப்புத் திசு தடித்து வளர்ந்துவிடுகிறது. இன்சுலினுக்கே கொழுப்பை வளர்க்கும் இயல்பு உண்டு, மழுங்கிய ஊசியை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதும் இதைத் தூண்டும். அந்தத் தடிப்பில் உணர்ச்சி மங்கிவிடுவதால் குத்துவது சுகமாக இருக்கிறது. ஆனால் அங்கே போட்ட மருந்து எப்போது, எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் அப்படியே தேங்கிக் கிடக்கும். இன்னொரு நாள் மொத்தமாக இறங்கும். உங்கள் 300-க்கும் 65-க்கும் இதுவே பொருத்தமான விளக்கம்.

குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரல் நுனிகளால் வயிற்றை மெதுவாக அழுத்தித் தடவிப் பாருங்கள். நல்ல தோல் நெகிழ்ந்து மடியும். தடித்த இடம் வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போலக் கெட்டியாக, வழுக்கலாக விரலில் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத தடிப்பும் விரலுக்குத் தெரியும். மருத்துவமனையில் ஊசி போடுபவர்களின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது பலமுறை விட்டுப்போகிறது என்பதை மருத்துவர்களாகிய நாங்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தடித்த இடத்தின் எல்லையை எழுதும் பேனாவால் வரைந்து, மாதக்கணக்கில் அதன் பக்கமே போகாதீர்கள். நாளடைவில் அது தானே அடங்கும். வயிற்றை நான்கு பாகமாக மனத்தில் பிரித்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பாகம், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரற்கிடை இடைவெளி, தொப்புளிலிருந்து இரண்டு விரற்கிடை விலகல் என்று சுழற்சியாகப் போடுங்கள். தொடையின் வெளிப்புறமும் பிட்டமும் உதவும். ஊசி 4 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் பருமனானவருக்கும் போதும், நேராகக் குத்தலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். தடித்த இடத்திலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது அதே யூனிட் முழு வேகத்தில் வேலை செய்யும். என்னிடம் வருபவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்காவது குறைத்துத் தொடங்கச் சொல்வதே என் வழக்கம். நீங்களும் உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

பேனா போடும் முறையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்து பால்போல் கலங்கியதாக இருந்தால் உள்ளங்கைகளுக்கு இடையே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்த்த பிறகே போட வேண்டும், குலுக்கக் கூடாது. புது ஊசி மாட்டியதும் 2 யூனிட்டைக் காற்றில் தள்ளிப் பாருங்கள், துளி வர வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காதீர்கள். எடுத்தபின் தோலில் மருந்து வழிந்தால் அன்றைய அளவில் ஒரு பகுதி தோலோடு போயிற்று என்று பொருள்.

இரவு படுக்கும்முன் 22 யூனிட் நீண்டநேர இன்சுலின் போட்டுவந்தேன். காலையில் 200-க்கு மேல் இருக்கிறது. மகன் வாரம் இரண்டு யூனிட்டாகக் கூட்டிக் கூட்டி இப்போது 36 ஆகிவிட்டது. காலைச் சர்க்கரை அசையவில்லை. நடுஇரவில் பனியன் நனையும் அளவுக்கு வியர்க்கிறது, காலையில் தலை வலிக்கிறது. வயது 61, எடை 60 கிலோ. — வாசகர், கும்பகோணம்

இன்று இரவே மேற்கொண்டு கூட்டுவதை நிறுத்துங்கள். வியர்வையும் காலைத் தலைவலியும் தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துபோவதற்கான அடையாளங்களாக இருக்கலாம்.

காலையில் எடுக்கும் ஒரே ஒரு எண், இரவு முழுவதும் நடந்த கதையின் கடைசி வரி மட்டுமே. முதல் வரியும் நடுவரியும் தெரியாமல் மருந்தை மாற்றினால் அது குருட்டடிதான். ஆகவே அடுத்தடுத்து இல்லாவிட்டாலும் மூன்று இரவுகளில், படுக்கும்முன், பின்னிரவு 3 மணிக்கு, காலையில் எழுந்ததும் என மூன்று வேளை பாருங்கள். அலாரம் வைத்துக்கொண்டு எழுவது தொல்லைதான். ஆனால் இதற்கு மாற்று, கையில் ஒட்டும் சென்சார் ஒன்றே, அதன் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

3 மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் மருந்து கூடிப்போயிற்று. பத்திலிருந்து இருபது சதவீதம்வரை குறைக்க வேண்டும். அப்படித் தாழ்ந்தபின் உடல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஈரலிலிருந்து சர்க்கரையை இறைப்பதால் காலையில் ஏறிவிடும் என்று 1930-களிலேயே மைக்கேல் சோமோகி என்ற உயிர்வேதியியலாளர் சொன்னார். சென்சார்கள் வந்தபின், இந்த எதிர்வீச்சு நாம் எண்ணியிருந்த அளவுக்கு அடிக்கடி நிகழ்வதில்லை என்று தெரியவந்துள்ளது. என்றாலும் இரவுத் தாழ்வே தனி ஆபத்து என்பதால் 3 மணிச் சோதனையின் மதிப்பு குறையவில்லை. 3 மணிக்கு 120 இருந்து, விடிந்ததும் 200 ஆகியிருந்தால் அது விடியற்கால ஏற்றம்; கார்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை அந்நேரத்தில் சுரப்பதால் நிகழ்வது. அதற்கு மருந்தின் வகையையோ நேரத்தையோ மாற்ற வேண்டும். அளவை ஏற்றிக்கொண்டே போனால் நள்ளிரவில் விழுவீர்கள்.

படுக்கும்போதே 280 இருந்தால் குற்றவாளி இரவு ஊசி அல்ல, பத்து மணிக்குச் சாப்பிட்ட பரோட்டா. நீண்டநேர இன்சுலினின் வேலை, சாப்பிடாத நேரத்தில் சர்க்கரையைச் சமமாக வைத்திருப்பது. இரவு உணவின் ஏற்றத்தை அதன் தலையில் கட்டக் கூடாது. படுக்கும்போது இருந்ததைவிடக் காலையில் 50-க்கு மேல் இறங்குகிறது என்றால் அதுவும் அளவு மிஞ்சியதன் அடையாளமே. பொதுவாக ஒரு கிலோ எடைக்கு அரை யூனிட்டைத் தாண்டும்போது நாங்கள் நின்று யோசிப்போம். உங்கள் எடைக்கு அது 30. நீங்கள் ஏற்கெனவே 36-இல் இருக்கிறீர்கள். மூன்று இரவுக் குறிப்புகளோடு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், அதுவரை வியர்வை வந்து விழித்தால் உடனே சோதித்துவிட்டுக் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குத் திடீரென்று கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. சர்க்கரை 52. கையில் கிடைத்த லட்டையும் பிறகு சூடான பால் பானத்தையும் கொடுத்தோம். அரை மணி நேரமாகியும் 60-ஐத் தாண்டவில்லை. இன்சுலினோடு வோக்லிபோஸ் மாத்திரையும் சாப்பிடுகிறார். என்ன தவறு செய்தோம்? — வாசகி, ஈரோடு

பதறாமல் சோதித்துப் பார்த்ததே பாதி வெற்றி. தவறு கொடுத்த பொருளில் இருக்கிறது. லட்டில் உள்ள நெய்யும் பாலில் உள்ள கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். அதோடு, வோக்லிபோஸ், அகார்போஸ் போன்ற மாத்திரைகளின் வேலையே நாம் உண்ணும் சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைத்து உறிஞ்சுவதை மெதுவாக்குவதுதான். எனவே இவற்றைச் சாப்பிடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வரும்போது சீனி, கற்கண்டு, மிட்டாய் எதுவும் வேண்டிய வேகத்தில் உதவாது. மேற்கொண்டு உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ் பொடியே வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியில் மூன்று தேக்கரண்டியை, ஏறத்தாழ 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 70-ஐத் தாண்டாவிட்டால் மீண்டும் அதே அளவு. தாண்டியபின், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்குமானால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடலாம். இந்த மாத்திரைகளைச் சாப்பிடாதவருக்கு மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரும் போதும்.

நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சர்க்கரையைத் திணிக்காதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மாமியார் இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அவை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். அப்போது வியர்வையும் குழப்பமான பேச்சும்தான் எச்சரிக்கையாக எஞ்சும்.

ஊசி ஆரம்பித்தால் சாகும்வரை விட முடியாது, அது கிட்னியைத் தின்றுவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். மருத்துவர் மூன்று மாதமாக வற்புறுத்துகிறார். நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன். — வாசகர், விருதுநகர்

இன்சுலின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பல மாத்திரைகளைக் கொடுக்க முடியாமல் போவதால் அந்த நிலையில் ஊசிக்கு மாற்றுகிறோம். "ஊசி போட்டார், பிறகு டயாலிசிஸ் போனார்" என்று ஊர் அதைத் திருப்பிப் படிக்கிறது. பத்தாண்டுகள் சர்க்கரையை 250-இல் விட்டுவைத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வொன்று, இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கிறது என்று காட்டியது. மீதியும் ஆண்டுதோறும் தேயும். ஆகவே பல ஆண்டுகளுக்குப் பின் ஊசி தேவைப்படுவது நோயின் இயல்பு. நீங்கள் செய்த குற்றமோ மருந்துக்கு அடிமையாவதோ அல்ல. தொற்றுநோய், அறுவைச் சிகிச்சை, மிக உயர்ந்த சர்க்கரை ஆகியவற்றுக்காக ஊசி தொடங்கி, சில வாரங்களில் மாத்திரைக்குத் திரும்பியவர்களும் ஏராளம். முதல் வகை நீரிழிவில் மட்டும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டபோது அவன் எலும்பும் தோலுமாகச் சாவை எதிர்பார்த்துக் கிடந்தான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். பயம் ஊசியின் வலி பற்றியது என்றால், உங்கள் மருத்துவரிடம் 4 மில்லிமீட்டர் ஊசியை ஒருமுறை மருந்தில்லாமல் குத்திக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டில் வைத்து எடுத்துவருகிறோம். ஒவ்வொரு வேளையும் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. — வாசகி, ராமநாதபுரம்

திறக்காத பாட்டில்களை மட்டும் பக்கத்து வீட்டில் வைத்தால் போதும். அவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும். திறந்து பயன்படுத்தும் பாட்டிலை, 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில், பொதுவாக நான்கு வாரம்வரை வெளியில் வைத்திருக்கலாம். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு மண்பானையே சிறந்த தோழன். ஒரு பெரிய பானையின் அடியில் ஈரமணல் பரப்பி, அதன்மேல் சிறிய மண்கலயத்தை வைத்து, சுற்றிலும் மணலை நிரப்பி நனைத்துவிடுங்கள். பாட்டிலை நீர் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் இட்டுக் கலயத்துக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடும். கென்யாவின் தாதாப் அகதி முகாமின் வெப்பநிலையை ஆய்வகத்தில் அப்படியே உருவாக்கி, 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் வைத்த இன்சுலின் தன் வீரியத்தை இழக்கவில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதற்காக வெயிலில் நிற்கும் பேருந்தின் ஜன்னலோரத்தில் வைத்துவிடலாம் என்று பொருளில்லை.

சூட்டைவிட உறைபனி மோசம். பக்கத்து வீட்டார் பாட்டிலை ஃப்ரீசருக்குள்ளோ அதை ஒட்டியோ வைக்காமல் கதவுத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை உறைந்தது, உருகிய பின்னும் குப்பைக்குத்தான். தெளிந்த மருந்து கலங்கியிருந்தாலும், கலங்கல் மருந்தில் உருட்டியபின்னும் திப்பிகள் மிதந்தாலும், பாட்டிலின் உட்சுவரில் பனி படர்ந்ததுபோல் ஒட்டியிருந்தாலும் போடாதீர்கள். திறந்த தேதியை லேபிளில் எழுதிவையுங்கள்.

அம்மாவுக்கு 70 வயது. ஆறு மாதமாகச் சர்க்கரை தானாகவே குறைந்துவருகிறது. 40 யூனிட் போட்டவர் இப்போது 18-தான் போடுகிறார். நோய் குணமாகிறது என்று மகிழ்ச்சியாக இருக்கிறோம். — வாசகர், நாமக்கல்

உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க விருப்பமில்லை. ஆனால் இதே வரியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் குனிந்து பார்ப்பது அவர்களுடைய கணுக்காலை. வீக்கம் இருக்கிறதா? உடலுக்குள் போகும் இன்சுலினில் கணிசமான பங்கைச் சிதைத்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளரும்போது போட்ட மருந்து இரத்தத்திலேயே நீண்ட நேரம் தங்கி வேலை செய்யும், சாப்பாடும் குறைந்துவிடும், இரண்டும் சேர்ந்து சர்க்கரை "கட்டுப்பட்டுவிட்டது" போலத் தோன்றும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சோதனைகளான சீரம் கிரியேட்டினினும், சிறுநீரில் அல்புமின் அளவும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். எடை குறைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். சிறுநீரக நோயில் வரும் இரத்தசோகையும் அண்மையில் இரத்தம் ஏற்றியிருப்பதும் அந்த எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். எடை குறைத்தோ உணவை மாற்றியோ அளவு குறைந்திருந்தால் கொண்டாடலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

24 வயதான எனக்கு முதல் வகை நீரிழிவு. காய்ச்சலும் வாந்தியுமாக இரண்டு நாள் சாப்பிட முடியாததால் ஊசியையும் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் ஐ.சி.யூ. சாப்பிடாதபோது எதற்கு ஊசி? — வாசகர், கோவை

பிழைத்து வந்து கேட்கிறீர்கள், நல்லது. சாப்பிடாவிட்டாலும் ஈரல் சர்க்கரையை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், காய்ச்சலில் இன்னும் கூடுதலாக. அதைத் தடுக்க அடிப்படை இன்சுலின் இல்லையென்றால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலத்தைக் குவிக்கும். ஆகவே நீண்டநேர இன்சுலினை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. உணவுக்கான ஊசியை மட்டும் சாப்பிடுவதற்கேற்பக் குறைக்கலாம். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள், சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும், மோரும் கஞ்சியும் தண்ணீரும் வாய்க்கு வாய் குடித்துக்கொண்டிருங்கள். வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, குடித்ததைத் தக்கவைக்க முடியாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைதான்.

இரண்டாம் வகையினருக்கும் ஒரு சொல். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் வாந்தி, கடும் காய்ச்சல், பட்டினி நாட்களில் அவற்றை நிறுத்திவைக்க வேண்டும். இவற்றால் சர்க்கரை 200-ஐத் தாண்டாமலேயே கீட்டோன் ஏறிவிடக்கூடும். மீட்டர் நல்ல எண்ணைக் காட்டுகிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். உடலில் நீர் வற்றும் நாட்களில் மெட்ஃபார்மினுக்கும் ஓய்வு கொடுங்கள்.

காலை, இரவு இரண்டு வேளை 30/70 இன்சுலின் போடுகிறேன். ரமலான் நோன்பு வைக்கலாமா? — வாசகர், ஆம்பூர்

உங்கள் சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருந்து, கடந்த சில மாதங்களில் கடுமையான தாழ்சர்க்கரை வராமலும் இருந்தால் மருத்துவரோடு திட்டமிட்டு வைக்கலாம். அந்தப் பேச்சை நோன்புக்கு ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டும், பிறை பார்த்தபின் அல்ல. வழக்கமாக, காலை அளவை நோன்பு திறக்கும்போதும், இரவு அளவைப் பாதியளவுக்குக் குறைத்து, விடியலுக்கு முன் உண்ணும் சஹர் வேளையிலும் போடச் சொல்வோம். பகலில் 70-க்குக் கீழே போனாலும் 300-ஐத் தாண்டினாலும், மாலை ஐந்தே முக்கால் மணியாக இருந்தாலும், அன்றைய நோன்பை முறித்துவிட வேண்டும். முழுநாள் சஷ்டி விரதம் இருக்கும் இன்சுலின்காரர்களுக்கும் இந்த இரண்டு எண்களையே சொல்கிறேன். அவர்கள் பாலும் பழமும் எந்த நேரத்தில் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அளவு தனியாக அமையும்.

வீட்டு மீட்டரில் 168, அதே நேரத்தில் ஆய்வகத்தில் 152. எதை நம்புவது? — வாசகி, திருச்சி

இரண்டையும். 100-க்கு மேற்பட்ட எண்களில் பதினைந்து சதவீதம்வரை வேறுபாடு இருப்பதைச் சர்வதேசத் தர அளவுகோலே அனுமதிக்கிறது. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் வரும் 260-ஐத்தான் நம்பக் கூடாது. கையைச் சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடாதீர்கள். காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும்.

போட்ட ஊசிகளை எங்கே போடுவது? தெருவில் குப்பை அள்ளும் அம்மாவின் கையில் ஒருமுறை குத்திவிட்டது. — வாசகர், சென்னை

கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், துணி வெளுக்கும் திரவம் வந்த பழைய கேன் இருந்தாலும் போதும், ஊசியைக் கழற்றியவுடன் போட்டு மூடிவையுங்கள். மூடியில் துளை போட்டு வைத்தால் திறக்கும் வேலையும் இல்லை. முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி, நீங்கள் மருந்து வாங்கும் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவக் கழிவாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு ஒப்படையுங்கள். குத்துப்பட்ட அந்த அம்மாவை ஒருமுறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள். செலவு ஒன்றும் ஆகாது.